உதறிக் காட்டு

"நிறுத்துங்கோ!"

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி சிவசங்கரன், ஒத்திகை நடுவே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேடையில் அவருடைய மகள் அம்மிணி, தூக்கிய கைகளோடு அப்படியே நின்றாள்.

"நவீன நடனம்னு சொன்னேள், நம்பி அனுப்பினேன். கையைத் தூக்கிண்டு, ஒரு சுத்து சுத்தி, முந்தானையை உதறிக் காட்டறதுதான் டான்ஸா? என் பொண்ணு என்ன திருடியா?"

பம்பாய் மேடைகளில் பெயர் வாங்கித் திரும்பியிருந்த நடன அமைப்பாளர் சந்தனமாரி அசையவில்லை.

"ஒரு தடவை பார்த்ததுக்கே இவ்வளவு கோபமா, சார்?"

"வராதா பின்னே? பெத்தவன் பார்த்துண்டு இருப்பானா? இந்த நாணங்கெட்ட ஸ்டெப்பை எந்த ஊர்ல கத்துண்டே?"

"இதே ஊர்லதான். கொச்சங்காடியில, உங்க கிடங்கு வாசல்ல." அவள் குரல் உயர்ந்தது. "மிளகு புடைக்கிற எங்களை, தினமும் சாயங்காலம் இதைச் செஞ்சு காட்டின பிறகுதானே வீட்டுக்கு விடுவீங்க?"

சிவசங்கரன் அவளை உற்றுப் பார்த்தார்.

"என் முகம் ஞாபகம் வராது, முதலாளி. நீங்க முந்தானையை மட்டும்தானே பார்ப்பீங்க!"