மடிக்காத துணி

“ஹோஸைத் திறங்க, பாஸ்!”

வாடிக்கையாளர் முன்னால் கேட்கவே கூடாதென்று கார் கழுவும் கடை முதலாளி தனசீலன் சொல்லிவைத்ததைத்தான் வேலைக்காரப் பெண் நளாயினி கேட்கிறாள். கிள்ளான் வெயிலில் சேறு காய்ந்த கறுப்பு மைவி கார் நிற்கிறது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொண்டுவந்த ஆன்டி அதை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார். தனசீலனோ மருந்து கலந்த ஒற்றை வாளித் தண்ணீரைக் காட்டி, அலசவே வேண்டாத புது முறை என்று பீற்றிக்கொள்கிறார்.

“இது தூசிக்குத்தான் பாஸ். சேத்தை இப்படித் தேய்ச்சா கோடு விழும்.”

“யூனிவர்சிட்டியில கார் கழுவவா படிச்ச? சும்மா இரு லா!”

மடித்துத் திருப்பக்கூடத் தெரியாமல் ஒரே துணியால் அவரே தேய்க்கிறார். மண் கரகரக்கிறது. பானெட்டில் பூனை பிராண்டியதுபோல் கோடுகள். ஆன்டி வாயைப் பொத்திக்கொள்கிறார். நளாயினி குழாயைத் திறந்து, ஹோஸை ஆன்டி கையில் கொடுக்கிறாள். ஹோஸைத் திறக்கச் சொல்லும் முன்பே கழற்றித் தோளில் போட்டிருந்த ஏப்ரனை வாளிக்குள் போட்டுவிட்டு வெளியே நடக்கிறாள்.