சுரங்கக்காரி

“சுரங்கம் திறந்துதானே இருக்கு? அப்புறம் என்ன யோசனை? தண்ணியை நிறுத்து,” என்றார் மேலாளர்.

கணினி முன் உட்கார்ந்திருந்தவள் அசையவில்லை. அலுவலகத்தில் அவளுக்குச் சுரங்கக்காரி என்றே பெயர். மண்வெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள். திரையில் திறக்கும் கறுப்பு ஜன்னலில் ஒரே ஒரு வரி ஆணையைத் தட்டுவாள், ஊரின் மறுகோடியில் இருக்கும் கணினிவரை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாத ஒரு வழி உண்டாகிவிடும். அதற்குத்தான் சுரங்கம் என்று பெயர்.

அப்புறம் தன் கணினியிலேயே எட்டாயிரம் என்ற போர்ட் எண்ணை, அதாவது கணினியின் வாசல் எண்ணை, தட்டினால் போதும். தொழிலாளர் விடுதியின் குழாய்கள் மொத்தமும் திரையில் வந்து நிற்கும். எல்லாக் கட்டடத்துக்கும் அச்சு அசல் ஒரே மாதிரிப் பக்கம். மேலே கட்டடத்தின் பெயரைப் போடலாமே என்று அவள் கேட்டபோது, வேலையற்ற வேலை என்று மேலாளர்தான் தள்ளிவிட்டார்.

விடுதிப் பெண்கள் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். வெட்டும் இயந்திரத்தின் காப்பு மூடி உடைந்து ஒருத்தியின் விரல் போய்விட்டது. புது மூடி மாட்டும்வரை உள்ளே கால் வைக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி இப்போது வந்துவிடுவார், அதற்குள் அவர்களை வழிக்குக் கொண்டுவந்து காட்டுவதாக மேலாளர் வாய் விட்டிருந்தார்.

“நிறுத்த மாட்டேன் சார்.”

“ஏன்?”

“அங்க கைக்குழந்தைக்காரிங்க இருக்காங்க. என் தங்கச்சியும் இருக்கா.”

“அப்படிச் சொல்லு. தங்கச்சிப் பாசம்.”

“தங்கச்சி இல்லேன்னாலும் நிறுத்த மாட்டேன். குடிக்கிற தண்ணியில கை வைக்க நான் வேலைக்குச் சேரல.”

கூடத்தில் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்கள். எதிர்த்துப் பேசினாலே மேலாளருக்குப் பிடிக்காது. குரலை உயர்த்தாமல் எதிர்த்துப் பேசினால் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

“கடைசியாக் கேக்கறேன். செய்வியா, மாட்டியா?”

அவள் கறுப்பு ஜன்னலை மூடினாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“சுரங்கத்தை மூடிட்டேன் சார். நான் கிளம்பறேன்.”

“போ, போ. நீ இல்லேன்னா உலகம் நின்னுடுமா?”

அவள் நாற்காலியில் மேலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான். இவள் பின்னால் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறார். அந்தக் கறுப்பு ஜன்னலில் தட்டுவதெல்லாம் சும்மா பந்தா, விஷயம் அந்த எண்ணில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

எட்டாயிரம் என்று தட்டினார். பக்கம் வந்தது. அதே நீலக் குழாய்கள், அதே பச்சைப் பொத்தான்கள்.

“பாத்தியா? உன் ஜன்னலும் வேணாம், நீயும் வேணாம்.”

வாசல்வரை போனவள் திரும்பினாள். “அதை அழுத்தாதீங்க சார். உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

“மிரட்டறியா?”

“சொல்றேன். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்.”

அவளுக்காகவே ஒவ்வொரு பொத்தானாக, நிதானமாக அழுத்தினார். மேல் தொட்டி, மாடி, தரைத்தளம் என்று ஒவ்வொன்றாகச் சிவப்பானது. அவருக்கு மனசு குளிர்ந்தது.

“உன் தங்கச்சிகிட்டச் சொல்லி வை. தொண்டை காஞ்சா எல்லாரும் தானா வழிக்கு வருவாங்க.”

“தொண்டை காஞ்சாலும் வர மாட்டாங்க சார். மூடியை மாட்டுங்க, இன்னைக்கே வருவாங்க.”

கீழே முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வியர்வை வழியும் முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்க முடியுமா? மேலாளர் பக்கத்திலிருந்த கழிவறைக்கு ஓடினார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டார். குழாயில் வந்த இரண்டு கை தண்ணீரில் சோப்பைக் குழைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை நன்றாகத் தேய்த்தார்.

கண்ணை இறுக்கிக்கொண்டு குழாயைத் திருகினார். அது கரகரவென்று ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். பக்கத்துக் குழாயைத் தடவிப் பிடித்துத் திருகினார். அது இருமக்கூட இல்லை.

சட்டையில் நுரை சொட்ட, சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்தார். “யாரு இங்க தண்ணியை நிறுத்தினது?”

யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். முதலாளியின் செருப்புச் சத்தம் படியேறி வந்துகொண்டிருந்தது.

“கறுப்பு ஜன்னல் திறந்திருந்தாத்தான் சார் அந்த எண்ணுல விடுதி வரும்,” என்று சுரங்கக்காரியின் குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. “அதை மூடிட்டா, நாம இருக்கிற இந்தக் கட்டடம்தான் திரும்ப வந்து உக்காந்துக்கும்.”

“அதெல்லாம் அப்புறம். கண்ணு எரியுது, முதல்ல தண்ணி கொண்டு வா.”

“அதுக்கு விடுதிக்குத்தான் போகணும் சார், அங்க நல்லா வருது.”