நெத்திலிக் காற்று

“எவ்வளவு காற்று அடித்தால் நீங்கள் ‘அதிகம்’ என்பீர்கள்?” என்று மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெண் கருவியோடு வந்து பிரகாசியிடம் கேட்டாள். ஆளில்லா ஹெலிகாப்டருக்கு வெறும் எண்கள் போதாதாம். கொஞ்சம், சுமார், அதிகம் என்று மனிதர்கள் சொல்வதையும் பழக்க வேண்டுமாம். ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பிரகாசி மட்டும்தான்.

“பாயில கெடக்குற நெத்திலி பறந்தா அதிகம்மா” என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தப் பெண் அப்படிப்பட்ட காற்றுக்காகக் காத்திருந்து, அளந்து குறித்துக்கொண்டு போனாள்.

போன மாதம் ஒரு மதியம் அதே ஊர் மீனவன் அமலதாஸின் படகு கவிழ்ந்தது. காப்பாற்றப் போன அந்த ஆளில்லா ஹெலிகாப்டர் பாதி வழியிலேயே திரும்பி வந்து மணலில் இறங்கியது. ‘காற்று அதிகம்’ என்று அதன் திரை சொன்னது. வேறு படகு போவதற்குள் அவன் மூழ்கிவிட்டான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அவன் மனைவி ரெக்ஸலின் பிரகாசியின் கருவாட்டுப் பாயருகே வந்து உட்கார்ந்தாள்.

“அதெல்லாம் ஒரு காத்தா மதினி? அந்தக் காத்துல அவரு பீடி பத்தவைப்பாரு. எந்தப் பயந்தாங்கொள்ளி அதுக்குச் சொல்லிக்கொடுத்தானோ!”

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பிரகாசிக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

“நான்தான் சொன்னேன், ரெக்ஸலின். பாயில நெத்திலி பறந்தா அதிகம்னு, மீனை நெனச்சுச் சொன்னேன். ஆள நெனக்கலடி.”

ரெக்ஸலின் அவளை வெறித்துப் பார்த்தாள். காற்றில் பறந்து தன் மடியில் விழுந்த நெத்திலி ஒன்றை எடுத்துப் பாயில் வைத்தாள். பிறகு எழுந்து போனாள்.