கவிழ்த்த வாளி

வீடு காலி செய்த அன்று, கண்ணாடித் தொட்டியில் பாசி தின்று பெருத்திருந்த கறுப்பு மீனைக் கொல்ல மனமில்லாமல் வாளியோடு ஏரிக்கு வந்தார் குணசீலன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அஞ்சலை வாளிக்குள் அதைக் கண்டு கத்திக்கொண்டே ஓடிவருவதற்குள் வாளியைக் கவிழ்த்துவிட்டார்.

"போச்சு சார்! இது பெருகிச்சுன்னா எங்க கெண்டை முட்டை ஒண்ணுகூட மிஞ்சாது. வலையெல்லாம் இதோட முள்ளு கிழிச்சதுதான், பாருங்க!"

அவள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கைகளால் துழாவினாள். குணசீலன் வாளிக்குள் பார்த்தார். மீன் வாயால் அதன் சுவரைக் கவ்வியபடி உள்ளேயே ஒட்டியிருந்தது.

அஞ்சலை கரையேறி வந்தாள். வலையில் சிக்கும்போதெல்லாம் அவள் கல்லில் அறைந்து கொல்லும் மீன். இரண்டு கை ஏரித் தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றினாள்.

"விட்ராதடா ராசா," என்றாள். "சார் வீடு போற வரைக்கும் கெட்டியா புடிச்சிக்க."