ஒரு வாய்த் தேநீர்

கரகோல் மலையில் பனிப்புயல் வீசுகிறது. ஆட்களை மேலே ஏற்றிச்செல்லும் கம்பிவட நாற்காலிகள், நிறுத்திவைத்த நிலையில், காற்றில் கிறீச்சிடுகின்றன. பனிச்சறுக்கு விளையாட வந்தவர்கள் தேநீர்க் கடை அடுப்போரம் ஈரக் கையுறைகளைக் காய வைத்திருக்கிறார்கள். கடைக்காரி பெர்மெட்டின் கணவன் தாலந்த், மலையில் சிக்கியவர்களை மீட்பவன், மீசையெல்லாம் பனியாக உள்ளே வருகிறான். "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்கிறாள் பெர்மெட். "ஒரு பொண்ணு இன்னும் மேலதான் இருக்கா. போய்க் கூட்டிட்டு வரேன். டீ ஊத்து." பெர்மெட் கிண்ணத்தின் அடியில் ஒரு வாய் மட்டும் ஊற்றுகிறாள். இங்கே கொஞ்சமாக ஊற்றினால் 'இரு' என்று அர்த்தம். நிறைத்துக் கொடுத்தால் 'கிளம்பு'. "கஞ்சப் பிசினாறி, நிறைய ஊத்துடி." "காத்து உன்னையும் தூக்கிட்டுப் போயிடும்யா." "நீ போட்ட சாப்பாட்டுல ஏறின உடம்பு, எந்தக் காத்துக்கும் அசையாது." கடையே சிரிக்கிறது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. தாலந்த் கிண்ணத்தை நீட்டியபடியே நிற்கிறான். கதவு அதிர்கிறது. பெர்மெட் அவன் முகத்தைப் பார்க்காமல் விளிம்புவரை ஊற்றுகிறாள்.