ஒற்றைக் கோடு

கைபேசியில் அலாரம் அலறியதும் ரஸ்ஸல் குளியலறைக்குள் பாய்ந்தான். பாதி மழித்த கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

"பாத்தியா மெர்? என்ன வந்திருக்கு?"

மெரடித் கர்ப்பச் சோதனைக் குச்சியை நீட்டினாள். ஒரே ஒரு கோடு. இன்னொன்று எங்கேயாவது ஒளிந்திருக்குமா என்று அவன் விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விடு ரஸ். எவ்வளவு நேரம் மொறைச்சாலும் அதே ஒரு கோடுதான்." அவள் குச்சியை வாங்கி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். "டாக்டருக்கு அனுப்பணும்."

மாதாமாதம் இதே கதைதான். ரஸ்ஸல் தொட்டி விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"தப்பு என்கிட்டதான் இருக்கணும். பீரை விட்டாச்சு. சூடு ஆகாதுன்னு வெந்நீர்த் தொட்டியில உட்கார்றதையும் விட்டாச்சு. எங்கண்ணன் கேக்கறான், 'என்னடா, மடத்துல சேரப் போறியா'ன்னு."

மெரடித் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். வெடித்திருந்த உதட்டில் களிம்பைத் தடவிக்கொண்டாள்.

"இன்னும் உதடு ஆறலையா?"

"மினசோட்டாக் குளிருக்கு வேற எப்படி இருக்கும்?"

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் மட்டும் அவனுக்கு ஓர் ஆறுதல். போன குளிர்காலத்தில் இந்த முகத்துக்காக அவள் படாத பாடு இல்லை. கழுவ வேண்டும், காய வேண்டும், ஒரு களிம்பு, அது ஊறினதும் இன்னொரு களிம்பு. அப்புறம் அரைமணி நேரம் சிவப்பு விளக்கு முகமூடி. வெல்டிங் பட்டறை ஆள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவள் படுக்க வருவதற்குள் இவன் குறட்டையே விட்டிருப்பான்.

இப்போது முகமூடி அலமாரியில் தூங்குகிறது. முகமோ உரித்த முட்டை மாதிரி இருக்கிறது.

"குழந்தை வேணும்னு முடிவு பண்ணினோம், உன் பருவெல்லாம் பயந்து ஓடிப்போச்சு" என்று சீண்டினான். மெரடித் லேசாகச் சிரித்துவிட்டு வெளியே போனாள்.

மதியம் அவளிடம் சொல்லாமல் மருந்துக்கடைக்குக் காரை விட்டான். ஆண்களுக்குத் துத்தநாக மாத்திரை நல்லது என்று எங்கோ படித்திருந்தான். அடுத்த வாரம் தன்னையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது என்று முடிவே செய்திருந்தான்.

காரிலிருந்தபடியே வாங்கும் ஜன்னல் திறந்தது. டோரீன் எட்டிப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள்.

"வாப்பா ரஸ்! நல்ல நேரத்துல வந்தே. உன் பெண்டாட்டி மாத்திரையும் தயார். டாக்டர்கிட்டேயிருந்து இப்பத்தான் அனுமதி வந்துச்சு. நீயே வாங்கிட்டுப் போயிடறியா?"

அவன் நெஞ்சு இளகியது. குழந்தைக்காக இவளும் சத்தமில்லாமல் மாத்திரை விழுங்குகிறாளா!

"கொடுங்க. பாவம், அவளும் எவ்வளவுதான் பாடுபடுவா."

"நல்ல பொண்ணுப்பா. இதுல பாதிப் பேர் நடுவுலயே விட்டுட்டு ஓடிடுவாங்க. இவ ஒரு மாசம்கூடத் தவறினதில்ல."

"தவறாம இருந்து என்ன பிரயோஜனம்?" அவன் பையை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தான். "இன்னிக்கும் பாத்தோம், டோரீன். இல்லைன்னுதான் வந்திருக்கு."

டோரீன் கடகடவென்று சிரித்தாள். "அடப்பாவி, அதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கே? இந்தப் பரு மாத்திரை சாப்பிடறப்போ குழந்தை உண்டாயிடக் கூடாதுன்னுதானேப்பா மாசாமாசம் அந்தச் சோதனையே!"