ஹாஜியாவின் நாக்கு

கானா நாட்டுத் தமாலே சந்தையில் நோன்பு மாதத்து நண்பகல் வெயில் செம்புழுதியில் மங்கி நிற்கிறது. பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட ஹர்மத்தான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து எல்லோர் உதடும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. சனாத்து ஒரு சின்னத் தகரச் சிமிழைத் திறந்து நீட்டுகிறாள். ஷியா கொட்டை வெண்ணெயில் நல்லெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து அவளே காய்ச்சிய உதட்டுப் பூச்சு. "போட்டுப் பாருங்க ஹாஜியா. முழுங்காத வரைக்கும் நோன்பு முறியாது." "எனக்கே சட்டம் சொல்றியாடி?" என்று சிரித்தபடி, மக்காவுக்குப் போய் ஹஜ் முடித்துவந்த ஹாஜியா மேமுனா விரல்நுனியால் தொட்டுப் பூசுகிறாள். எரிச்சல் அடங்குகிறது. தேன் வாசனையில் கண் தானாகச் செருகுகிறது. நாக்கு வெளியே வந்து, இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய் வரை நிதானமாக வழித்துக்கொண்டு உள்ளே போகிறது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்குகிறது. கண்ணைத் திறந்தால் எதிரே, வெங்காயக் கூடைக்குப் பின்னால், அசாரா இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சிய கஞ்சியில் உப்புப் பார்க்கப் போய் ஞாபகமில்லாமல் விழுங்கிவிட்ட அசாராவை, "நாக்கை அடக்கத் தெரியாதவளுக்கு நோன்பு ஒரு கேடா?" என்று இன்று காலையில் சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தியவள் இதே ஹாஜியாதான். அவசரமாகப் புழுதியில் துப்புகிறாள். துப்ப வாயில் ஒன்றுமில்லை. அசாரா எழுந்து வருகிறாள். கத்தவில்லை. பக்கத்தில் நிற்கும் சனாத்துவுக்குக்கூடக் கேட்காதபடி குனிந்து, காதோரம் சொல்கிறாள்: "மறந்து செஞ்சா குத்தமில்ல ஹாஜியா. வாயைக் கொப்புளிச்சுக்கோங்க." ஹாஜியா நிமிரவில்லை. முக்காட்டு நுனியால் உதட்டை அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். வெடிப்பில் ரத்தம் துளிர்க்கிறது. எண்ணெயின் பளபளப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது.